நான்காவது குருவி

"கை பழகினதைத்தான் செய்யும், நாம சொன்னாக் கேக்குமா?"

முன் சீட்டில் அந்த அம்மா சொன்னது உங்களுக்கும் கேட்டதா அக்கா? மருமகள் முறுக்கை இடப்பக்கமாகச் சுற்றுகிறாளாம். எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தாலும் கை அந்தப் பக்கம்தான் போகிறதாம். அதற்குத்தான் அப்படிச் சொன்னார்.

எனக்கு அதில் ஒரு சந்தேகம் இருக்கிறது. இன்றோடு பதினெட்டு நாளாக இருக்கிறது. பழகினதை விட்டுவிட்டுக் கை வேறொன்றைச் செய்தால், அது கை செய்ததா, ஆள் செய்ததா?

நான் பஸ்ஸில் பேசுகிறவள் இல்லை. அம்பாசமுத்திரத்துக்கும் திருநெல்வேலிக்கும் வாராவாரம் போய்வருகிறேன், பக்கத்து சீட்டில் இருப்பவர் முகத்தை ஏறிட்டுப் பார்த்ததில்லை. நீங்கள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்கிறீர்கள், அதனால் பேச வருகிறது. திரும்ப வேண்டாம். அப்படியே இருங்கள்.

நான் படித்தது கைவினையும் நாட்டார் கலையும். இப்படி ஒரு படிப்பா என்று எல்லாரும் கேட்பார்கள். இருக்கிறது, மூன்று வருஷம். பாய், பானை, பொம்மை, ஓலை, எல்லாவற்றுக்கும் பரீட்சை உண்டு, மார்க் உண்டு. பெண்கள் கல்லூரி. எங்கள் வகுப்பில் பத்தொன்பது பேர். பதினேழு பேர் வேறு எதிலும் இடம் கிடைக்காமல் வந்தவர்கள். இந்தப் படிப்புதான் வேண்டும் என்று கேட்டு வந்தவர்கள் இரண்டு பேர். ஒன்று நான். இன்னொன்று முத்துப்பேச்சி.

அவளும் நானும் விடுதியில் ஒரே அறை. என் பெயர் உலகம்மை. அவள் உலகு என்று கூப்பிடுவாள். எனக்கு நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். முதல் வருஷம் வகுப்பில் கட்டுரை வாசிக்கச் சொன்னபோது என்னால் முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. அவள் எழுந்து வந்து பக்கத்தில் நின்று, மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டுரை முடிகிற வரைக்கும் விடவில்லை. மெஸ்ஸில் எனக்குச் சாம்பார் கேட்டு வாங்கித் தருவதும் அவள்தான். இதையெல்லாம் நான் மறக்கவில்லை. எழுதிக்கூட வைத்திருக்கிறேன். எனக்கு எதையும் எழுதி வைக்கிற பழக்கம் உண்டு.

கவனித்துப் பார்ப்பதும் உண்டு. பேசாதவர்களுக்கு வேறு என்ன வேலை?

அவளுடைய அப்பா பந்தல் கடை வைத்திருக்கிறார் என்று சொல்லியிருந்தாள். கல்யாணப் பந்தலா என்று கேட்டால், "எல்லாந்தான்" என்பாள். மேலே சொல்ல மாட்டாள். எங்கள் கல்லூரி நிர்வாகமே பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் நடத்துகிறது. அங்கே கைவினை ஆசிரியை வேலை வரப்போகிறது என்றும், முத்துப்பேச்சியைத்தான் சிபாரிசு செய்யப் போகிறேன் என்றும் திரிபுரசுந்தரி மேடம் வகுப்பிலேயே சொல்லிவிட்டார். அன்றைக்கு அவள் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வேலை மட்டும் கெடச்சிட்டுன்னா அப்பாவ அந்த வேலைய விடச் சொல்லிருவேன் உலகு."

எந்த வேலையை என்று நான் கேட்கவில்லை. அடுத்தவர் விஷயத்தில் நான் தலையிடுவதில்லை.

மூன்றாம் வருஷத்தில் ஓலை வேலை வந்தது. தென்னங்குருத்தில் தோரணம். கல்யாண வீட்டில் பார்த்திருப்பீர்கள், கயிற்றில் வரிசையாகத் தொங்கும். கீற்றை மடித்து மடித்துச் சின்னச் சின்னக் குருவி மாதிரி தலை எடுப்பார்கள். மேடம் ஒன்றை மடித்துக் காட்ட கால் மணி நேரம் ஆனது. எங்களுக்கு ஒரு மணி நேரமாகியும் ஒரு குருவிகூட வரவில்லை. முத்துப்பேச்சி பேசிக்கொண்டே மடித்தாள். யாரோ கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டு, பக்கத்தில் இருந்த ஹேமாவைக் கேலி செய்துகொண்டு, கையைப் பார்க்காமலே மடித்தாள். மடியில் எட்டுப் பத்து விழுந்துவிட்டது.

அப்போதுதான் பார்த்தேன். அவள் பார்க்காமல் மடித்த ஒவ்வொரு தோரணத்திலும் மூன்று குருவி. தலை கீழே. மேடம் மடித்ததில் நான்கு. தலை மேலே. அவளும் குனிந்து பார்த்தாள். சட்டென்று கடைசி மடிப்பைப் பிரித்தாள், நான்காவது குருவியையும் மடித்தாள், தலை மேலே வரத் திருப்பி வைத்தாள். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் அப்படியே செய்தாள். அதற்குப் பிறகு கையைப் பார்த்துத்தான் மடித்தாள். பார்த்து மடித்தால் நான்கு வந்தது.

ஒன்று மட்டும் பெஞ்சுக்குக் கீழே விழுந்து கிடந்தது. அதை எடுத்து நோட்டில் வைத்துக்கொண்டேன். கீழே கிடந்ததை எடுப்பது திருட்டு இல்லையே.

அந்த வாரம் வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் காட்டினேன். அம்மா கையைத் தட்டிவிட்டாள். "சனியனே, எழவு வீட்டுத் தோரணத்த நடுவீட்டுக்குள்ள கொண்டாந்திருக்கியே" என்று என்னைக் கொல்லைப்பக்கம் தள்ளித் தலையில் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டேதான் சொன்னாள். நல்ல காரியத்துக்கு நாலு, கெட்டதுக்கு மூணு. நல்லதுக்குத் தலை மேலே, கெட்டதுக்குக் கீழே. இதுகூடத் தெரியாம என்ன படிப்பு படிக்கே என்று கேட்டாள்.

நான் குளித்துவிட்டு வந்து அதை நோட்டில் எழுதினேன். தோரணத்தை நான் எரித்துவிட்டதாக அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். அது நோட்டில்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் களப்பணி வந்தது. ஒவ்வொருவரும் ஒரு கலைஞரைப் பார்த்துப் பேசி எழுத வேண்டும். நூறு மார்க். பாதிப்பேர் பத்தமடைப் பாய் எடுத்துக்கொண்டார்கள். மீதிப்பேர் காருக்குறிச்சிப் பானை. எனக்குத் தெரியாதவர்களிடம் போய்ப் பேச முடியாது, அக்கா. போய் நின்று என்ன கேட்பேன்? தெரிந்தவர் வீடு என்றால் பரவாயில்லை. அதனால்தான் முத்துப்பேச்சியின் ஊருக்குப் போனேன். வேறு எந்த எண்ணமும் இல்லை. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்குச் சங்கடமாக இருக்கும் என்று அவளுக்காகத்தான் சொல்லவில்லை.

அவள் விடுதியில் இருந்த ஒரு சனிக்கிழமை. ஊருக்கு வெளியே வாய்க்காலைத் தாண்டி அவர்கள் தெரு. அவளுடைய அப்பா இசக்கிமுத்து வாசலில் மூங்கில் சீவிக்கொண்டிருந்தார். பாடைக்கு என்று எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நான் யார் என்று சொன்னதும் சீவுவதை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பிள்ளை என்னைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறதாம். உட்கார நாற்காலி எடுத்துப் போட்டு, அதையும் ஒரு தடவை துண்டால் துடைத்தார்.

"எங்க வீட்டுல தண்ணி குடிப்பியளாம்மா?" என்று கேட்டார்.

வயிறு சரியில்லை என்றேன். அவரே நடந்து கடைக்குப் போய் மூடி திறக்காத கலர் பாட்டில் ஒன்று வாங்கி வந்து வைத்தார். எவ்வளவு நல்ல மனிதர் பாருங்கள். அதை நான் குடித்தேன்.

அன்று முழுவதும் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். சாவு வீட்டில் வைத்துத்தான் குருத்தை மடிக்க வேண்டும். மிச்ச ஓலை வீட்டுக்குத் திரும்பக் கூடாது. மடிக்கும்போது கையைப் பார்க்கக் கூடாது. ஏன் என்று கேட்டேன். கிடத்தியிருக்கிறவரைப் பார்த்துக்கொண்டு மடிக்க வேண்டுமாம். அதுதான் அவருக்குச் செய்கிற மரியாதையாம், அவர் அப்பா காலத்திலிருந்து அப்படித்தானாம். முத்துப்பேச்சிக்கு ஆறு வயதில் கண்ணைக் கட்டிவிட்டுப் பழக்கினாராம். வெறும் வாழைநாரில். "அது கை என்னவிட வேகம்மா" என்றார். நான் நாற்பது பக்கம் எழுதினேன். போட்டோ எடுத்தேன். போன் நம்பர் வாங்கிக்கொண்டேன், நோட்டில் அதற்கு ஒரு கட்டம் உண்டு.

கிளம்பும்போது வாய்க்கால் வரைக்கும் கூட வந்தார்.

"பிள்ளைக்கு நீங்க வந்தது தெரிய வேண்டாம்மா. நான் இன்ன வேலைன்னு காலேஜ்ல யாருக்கும் தெரியாது. அது பாத்துப் பாத்து மறச்சு வச்சிருக்கு."

நான் தலையாட்டினேன். தலையாட்டினேன் அவ்வளவுதான் அக்கா, சரி என்று சொல்லவில்லை. நான் சொன்ன சொல்லை மீறியதே கிடையாது.

யாரிடமும் சொல்லவும் இல்லை. எழுதினேன்.

நோட்டில் முதல் பக்கம் நன்றி. எல்லாரும் எழுதுவார்கள், எழுதாவிட்டால் மார்க் குறைப்பார்கள். மற்றவர்கள் அப்பா அம்மாவுக்கும் கடவுளுக்கும் எழுதினார்கள். நான் உண்மையில் உதவியவருக்கு எழுதினேன். 'என் வகுப்புத் தோழியும் அறைத்தோழியுமான முத்துப்பேச்சியின் தந்தை, துக்க வீட்டுத் தோரணக் கலைஞர் திரு. இசக்கிமுத்து அவர்களுக்கு.' திரு என்று போட்டேன். அந்தத் தெருவில் யாரும் அவருக்குத் திரு போட்டிருக்க மாட்டார்கள். கடைசிப் பக்கத்தில் அந்த மூன்று குருவியை ஒட்டினேன். கீழே, 'மடித்தவர்: செல்வி முத்துப்பேச்சி.'

நன்றி சொல்வது தப்பா அக்கா?

வாய்மொழித் தேர்வுக்கு மதுரையிலிருந்து ஒரு சார் வந்திருந்தார். என் நோட்டைப் புரட்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதுதாம்மா களப்பணி" என்றார். மூன்று வருஷத்தில் என்னை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் அவர் நன்றிப் பக்கத்தைச் சத்தமாக வாசித்தார். கதவு திறந்திருந்தது. வராண்டாவில் எல்லாரும் வரிசையில் நின்றார்கள், அவளும்தான்.

"யாரும்மா அந்த முத்துப்பேச்சி? உள்ள வாங்க" என்று கூப்பிட்டார். மேசை மேல் குருத்து இருந்தது. அந்த வாரக் கடைசியில் தாளாளர் வீட்டுக் கல்யாணம், தோரணம் எல்லாம் எங்கள் துறை செய்து கொடுப்பதாகப் பேச்சு, முத்துப்பேச்சிதான் பொறுப்பு. அதற்காக வந்திருந்த குருத்து. சார் அதிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்து அவள் கையில் கொடுத்தார்.

"எழவுக்குக் கட்டுறது ஒண்ணு மடிச்சுக் காட்டும்மா. இதுல வெக்கப்பட என்ன இருக்கு? கலைன்னா எல்லாம் கலைதான்."

அவள் மேடத்தைப் பார்த்தாள். மேடம் ஜன்னலைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். என்னைப் பார்த்துக்கொண்டேதான் மடித்தாள், கையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. மூன்று குருவி. தலை கீழே. சார் கைதட்டினார். வேறு யாரும் தட்டவில்லை. எனக்குக் கூச்சம், நானும் தட்டவில்லை.

தொண்ணூற்றாறு மார்க். வகுப்பில் நான்தான் முதல்.

அன்றைக்குச் சாயங்காலமே மேடம் அவளிடம், நீ கணக்கு நோட்டு மட்டும் எழுதும்மா, ஓலையை மத்தவங்க தொடட்டும் என்று சொல்லிவிட்டார். மேடம் மேல் தப்பில்லை, தாளாளர் வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது. அவள் அதற்குள் இருநூறு தோரணம் மடித்து ஈரத்துணி சுற்றி வைத்திருந்தாள். என்ன செய்வது என்று கேட்டார்கள். எண்ணிப் பார்க்கச் சொன்னார் மேடம். எண்ணியது நான்தான், எனக்குத்தான் பொறுமை அதிகம். ஒன்றுகூடத் தப்பில்லை, அக்கா. இருநூறும் நான்கு, இருநூறும் தலை மேலே. மேடத்திடம் போய்ச் சொன்னேன். சரி என்று கேட்டுக்கொண்டார். அப்புறம் வாட்ச்மேனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் எரிக்கச் சொன்னார். பச்சை ஓலை, சரியாகப் பற்றவில்லை. புகைந்துகொண்டே கிடந்தது.

விடுதியில் பொங்கலுக்கு அவள் ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு தோரணம் கட்டியிருந்தாள். காய்ந்துபோய்ப் பழுப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதையெல்லாம் துடைப்பக் குச்சியால் தட்டி இறக்கினார்கள். மெஸ்ஸில் அவள் தட்டை நீட்டினால் ஹேமா கேட்பாள்.

"பேச்சி, ஒனக்கு இட்லி மூணா, நாலா?"

மறுநாள் இன்னொருத்தி கேட்பாள். தலைக்கு எத்தனை பின்னல், மூணா நாலா? பஸ்ஸுக்கு எத்தனை பேர், மூணா நாலா? ஹேமாவுக்குக் காய்ச்சல் வந்தபோது, "பேச்சிட்ட சொல்லி வச்சிருவோமா, குருத்து வாங்கட்டும்" என்றார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். நான் சிரித்ததே இல்லை. வாயைக் கையால் மூடிக்கொள்வேன். அவள் அதைத் தப்பாக நினைத்திருக்கலாம்.

நான்கு நாள் கழித்து அவள் பெட்டியைக் கட்டினாள். இனிமேல் ஊரிலிருந்தே வந்து போகிறாளாம். நான் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கோபமா என்று கேட்டேன். நானாகப் பேச்சைத் தொடங்குவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே உலகு."

அவ்வளவுதான் சொன்னாள். கேட்டால் வேண்டாம் என்றுதானே சொல்லியிருப்பாள்? அப்புறம் எப்படி எழுதுவது?

பரீட்சை எழுதினாள், பாஸும் ஆனாள். பள்ளிக்கூட வேலைக்கு மேடம் என்னைச் சிபாரிசு செய்தார். நீ கவனமான பொண்ணு, அடக்கமான பொண்ணு என்றார். ஏழு மாதமாக அங்கேதான் இருக்கிறேன். தோரணம் எனக்கு இன்னும் மடிக்க வராது. போர்டில் படம் வரைந்து போடுவேன், பிள்ளைகள் பார்த்து வரைவார்கள்.

இந்த மாதம் மூன்றாம் தேதி எங்கள் அப்பா போய்விட்டார். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். பரவாயில்லை அக்கா, நீங்கள் திரும்ப வேண்டாம், நான் அழவில்லை.

வழக்கமாக எங்கள் தெருவுக்குப் பாடை கட்ட வருகிறவர் மரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டிருந்தார். சித்தப்பா நாலைந்து இடத்துக்குப் போன் போட்டார், யாரும் கிடைக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வேற ஆளு யாராவது தெரியுமாட்டி என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரிந்திருந்தது. நோட்டை எடுத்தேன், நாற்பதாவது பக்கத்தில் கட்டத்துக்குள் நம்பர் இருந்தது. நானே பேசினேன். நான் யார் என்று சொன்னதும் அவர், "வாரேம்மா, நீங்க கலங்காதிய" என்றார்.

ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார். மொபெட்டில் முன்னால் மூங்கிலும் குருத்தும். பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் அந்த வேலைக்கு வருவதில்லை, எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. "ஏழு மாசமா எங்கூடத்தான் வருதும்மா, வேல ஒண்ணும் தோதா அமையல" என்றார் இசக்கிமுத்து. "இன்னைக்கு நீங்கன்னதும் அதுதான் முதல்ல ஏறி உக்காந்துச்சு." அப்புறம் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அன்னைக்கு எழுதிட்டுப் போனியளே, பாஸாயிட்டியளாம்மா?"

அவருக்கு ஒன்றும் தெரியாது. அவள் வீட்டில் எதுவும் சொல்லவில்லை. நான் தலையாட்டினேன். அவருக்குச் சந்தோஷம். பாடை கட்டப் பின்பக்கம் போய்விட்டார்.

அவள் வாசலில் மண்ணில் உட்கார்ந்தாள். எங்கள் அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள், வாசலிலிருந்து நேராகத் தெரியும். அவள் குருத்தை மடியில் போட்டுக்கொண்டு, அப்பாவைப் பார்த்துக்கொண்டே மடிக்கத் தொடங்கினாள். என் அப்பாவை அவள் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள், விடுதிக்கு வந்தபோது. கையைப் பார்க்கவே இல்லை. கீற்று கிழிகிற சத்தம் மட்டும் கேட்டது. உள்ளே அம்மாவைச் சுற்றி அழுதுகொண்டிருந்தார்கள். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எண்ண வேண்டும் என்று நினைக்கவில்லை, பழக்கம், கண் தானாக எண்ணியது. மூன்று. தலை கீழே. அடுத்தது மூன்று. அதற்கடுத்தது மூன்று. வாய் அசைந்திருக்க வேண்டும்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அப்புறம் குனிந்து கையைப் பார்த்தாள். கையிலிருந்ததன் கடைசி மடிப்பைப் பிரித்தாள், நான்காவது குருவியையும் மடித்தாள், தலையை மேலே திருப்பினாள். மடியில் கிடந்த மற்றவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நான்காவதையும் மடித்து, கயிற்றில் கோத்தாள். எழுந்து வந்து, நான் பிடித்திருந்த கையைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, வாசல் நிலையின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துக் கட்டினாள்.